மணற்பெட்டியும் முதிய பூனையும்

மனிதன் தன் இல்லத்தில் இடங்கொடுத்து வளர்த்த விலங்குகள் பல. எருது ஏர் இழுத்தது. பசு பால் சுரந்தது. நாய் காவல் காத்தது. இவையெல்லாம் மனிதனால் பிடிக்கப்பட்டு, பழக்கப்பட்டு, அவன் ஏவலுக்கு உட்பட்டவை. பூனை ஒன்றே அழைப்பின்றி வந்தது. தானியக் குதிரின் அடியில் எலியைத் தேடி வந்த அவ்விலங்கு, நாளடைவில் அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் தனக்கென ஓரிடம் வகுத்துக்கொண்டது.

தமிழர் இவ்விலங்கைத் தொன்றுதொட்டு அறிவர். காட்டுப் பூனையை வெருகு என்றும், வீட்டுப் பூனையைப் பூசை என்றும் பழந்தமிழ் வழங்கிற்று. தொல்காப்பிய மரபியல், வெருகின் இளமைப்பெயர் குட்டி என வகுத்துரைக்கிறது. மாமல்லபுரத்தில் பல்லவச் சிற்பிகள் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கிய பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தில், முன்னங்கால்களை மேலே தூக்கித் தவஞ்செய்வதுபோல் நிற்கும் பூனையையும், அதன் அடியில் நம்பிக்கையோடு கூடியிருக்கும் எலிகளையும் காணலாம். இலக்கணத்திலும் கல்லிலும் இடம்பெற்ற இப்பூனை, சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் நெடுங்காலம் சட்டப்படி இடம்பெறாமல் இருந்தது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று அதன் கழிவு. ஆதலின், பூனை எங்கே மலசலம் கழிக்கிறது என்னும் வினா, கேட்பதற்கு எளிதாயினும், இந்நகரத்தின் வரலாற்றோடு பிணைந்த வினாவாகும். அவ்வினா கூர்மையடைவது, பழகிய பெட்டியை முதிய பூனை ஒருநாள் ஒதுக்கும்போதுதான்.

பாலை தந்த பழக்கம்

வீட்டுப் பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனை இனமாகும். உழவுத்தொழில் தோன்றி, தானியம் சேமிக்கப்பட்ட ஊர்களில் எலி பெருகிற்று. எலியைத் தொடர்ந்து பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையின் எலும்புக்கூடும் கிடந்ததை ஆய்வாளர் 2004இல் வெளியிட்டனர். அத்தீவுக்கு உரிய காட்டுப்பூனை இனம் அந்நாளில் இல்லாமையால், மனிதரே அதனைக் கடல் கடந்து கொண்டுசென்றிருத்தல் வேண்டும். மனிதனும் பூனையும் கொண்ட தோழமையின் தொன்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நீர் அரிதாகிய நிலத்தில் வாழ்ந்த மரபாதலின், பூனையின் சிறுநீரகம் நீரை வீணாக்காமல் மிகச் செறிந்த சிறுநீரையே வெளியேற்றுகிறது. அச்செறிவே அதன் கடுநாற்றத்திற்குக் காரணம். பூனை தன் கழிவை மென்மையான மண்ணைத் தோண்டி இட்டு மூடுவது, யாரும் கற்பிக்காமல் குட்டிப் பருவத்திலேயே வெளிப்படும் இயல்பு. நாயைப் பயிற்றுவிக்கப் பல வாரங்கள் வேண்டும். பூனைக்கோ தோண்டத்தக்க மண் எங்கே உள்ளது எனக் காட்டினாலே போதும். இந்த இயல்பைப் பூனையின் ஒழுக்கம் என்று மனிதன் புகழ்ந்தான். உண்மையில் அஃது ஒழுக்கமன்று. உடற்கூறும் மரபும் தந்த பழக்கம். ஒழுக்கம் என்று புகழ்ந்தமையாலேயே, அப்பழக்கம் தவறும்போது அதனை ஒழுக்கக்கேடு என்று மனிதன் சினக்கிறான். பிழை இங்கேதான் தொடங்குகிறது.

கடைவீட்டுக் காலம்

சிராங்கூன் சாலையும் அதன் கிளைத் தெருக்களும் ஒருகாலத்தில் கால்நடைகளின் இடமாக விளங்கின. கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயர் எருமைத் தொழுவத்தைக் குறிக்கும். பஃபலோ சாலை என்னும் பெயரும் அதனையே நினைவூட்டும். தொழுவங்கள் மறைந்த பின்னும் பெயர்கள் நிலைத்தன. எருமைக்குக் கிடைத்த இச்சிறப்பு பூனைக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அரிசி, பருப்பு, மிளகாய், மல்லி எனச் சாக்குமூட்டைகள் அடுக்கப்பட்ட கடைவீடுகளில், பூனை வேண்டப்பட்ட விருந்தினன். மூட்டையை எலி கடித்தால் வணிகனுக்கு இழப்பு. பூனைக்கு ஒரு கைப்பிடி மீன்சோறு இடுவது அதனினும் எளிது.

அக்கடைவீடுகளின் அமைப்பும் பூனைக்கு இசைவாகவே இருந்தது. முன்னே ஐந்தடி நடைபாதை, நடுவே வானம் பார்த்த முற்றம், பின்னே சந்து. சந்தின் ஓரத்து மண்ணும், இடிந்த சுவரருகே குவிந்த மணலும் பூனையின் கழிப்பிடமாயின. மணற்பெட்டி என்னும் பொருளை அந்நாளைய வணிகர் எவரும் அறியார். அறிய வேண்டிய தேவையும் எழவில்லை. மனிதரின் கழிவே அந்நாளில் வாளியில் சேர்ந்து, பின்சந்து வழியே சுமந்து செல்லப்பட்டது. சிங்கப்பூரில் அவ்வாளி முறை முற்றிலும் ஒழிந்தது 1987இல்தான். மனிதர்க்கே நீரோட்டக் கழிவறை முழுமையாக வாய்க்காத நகரில், பூனையின் கழிவைப் பற்றி எவரும் வழக்குரைக்கவில்லை என்பது வியப்பன்று.

அப்பகுதியின் பள்ளிவாசல்களிலும் பூனைக்கு இடமிருந்தது. பூனை வாய்வைத்த நீர் தூய்மை கெடுவதில்லை என்பது இசுலாமிய மரபு. கோயில் வாயிலிலும், பள்ளிவாசல் படியிலும், கடைத்தெருவிலும் அச்சமின்றி உலவிய அவ்விலங்கு, ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று, தெருவுக்கே உரியது. அது முதுமையடைந்து, கால் தளர்ந்து, கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தாலும் யாரும் அறியார். ஒருநாள் அது காணாமற்போகும், வேறொன்று வந்துசேரும். இக்காலத்தை முழுவதும் பொற்காலம் எனப் புகழ்தல் பொருந்தாது. பூனைக்கு உரிமை இருந்தது, மருத்துவம் இல்லை. அதன் இளமையை அனைவரும் கண்டனர்; முதுமையை எவரும் காணவில்லை.

பெட்டி பிறந்த கதை

குளிர்நாடுகளில் நிலைமை வேறு. பனிக்காலத்தில் பூனையை வெளியே விட இயலாதவர், தட்டுகளில் மணலையோ அடுப்புச் சாம்பலையோ இட்டு வீட்டுள் வைத்தனர். சாம்பல் பூனையின் காலில் ஒட்டி வீடெங்கும் பரவும். மணல் நாற்றத்தை அடக்காது. 1947ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கசோபோலிஸ் என்னும் சிற்றூரில், எட்வர்ட் லோ என்பவரிடம் அண்டைவீட்டுப் பெண்மணி ஒருவர் வந்தார். குவித்துவைத்த மணல் பனியில் உறைந்துவிட்டமையால், பூனைக்குக் கொஞ்சம் மணல் கிடைக்குமா எனக் கேட்டார். லோவின் குடும்பம் தொழிற்கூடங்களுக்கு எண்ணெயை உறிஞ்சும் பொருள்களை விற்று வந்தது. அவர் மணலுக்கு மாறாக, ஈரத்தை உறிஞ்சும் உலர்ந்த களிமண் மணிகளைக் கொடுத்தார். அம்மணிகள் ஈரத்தை ஈர்த்து நாற்றத்தைக் குறைத்தன. பெண்மணி மீண்டும் அதனையே கேட்டு வந்தார்.

லோ அதனைச் சிறு பைகளில் இட்டு, கிட்டி லிட்டர் என்று பெயரெழுதி விற்கலானார். அதுவே ஒரு பெருந்தொழிலாக வளர்ந்தது. பின்னர் 1984இல், தாமஸ் நெல்சன் என்னும் உயிர்வேதியியலார், பென்டோனைட் என்னும் களிமண் ஈரம் பட்டதும் கட்டியாகத் திரளுவதைக் கண்டு, அதனைப் பூனையின் பெட்டிக்குப் பயன்படுத்தினார். நனைந்த பகுதியை மட்டும் அள்ளி எறிய முடிந்தமையால் பெட்டியைத் தூய்மையாக வைத்தல் எளிதாயிற்று.

இவ்விரு கண்டுபிடிப்புகளும் சிறியனவாகத் தோன்றலாம். ஆயின் அவற்றின் விளைவு பெரிது. மண்ணிலிருந்து பல மாடி உயரத்தில் உள்ள வீட்டுக்குள், வாழ்நாள் முழுவதும் பூனை தங்குவதற்கு வழி திறந்தது அப்போதுதான். மனிதனோடு பூனை வாழ்ந்த காலம் ஏறத்தாழ 10,000 ஆண்டு எனின், களிமண் இட்ட பெட்டியோடு அது வாழ்ந்த காலம் ஒரு நூற்றாண்டைக் கூட எட்டவில்லை. பூனை பெட்டியைப் பயன்படுத்துவது இயற்கை. பயன்படுத்த மறுப்பது குற்றம் என்னும் எண்ணம் வரலாற்றுக்கு ஒவ்வாதது. மண் இருந்த இடத்தில் மனிதன் வைத்த மாற்றுப்பொருளே பெட்டி. அம்மாற்றை ஏற்றுக்கொண்டது பூனையின் பெருந்தன்மை என்றே கொள்ளல் வேண்டும்.

உயர்மாடியும் தடையும்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரி 1ஆம் நாள் தொடங்கப்பெற்றது. கால் நூற்றாண்டுக்குள் மக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினர். தேக்கா வட்டாரத்திலும் பழைய தெருக்களின் அருகே உயர்ந்த கட்டடங்கள் எழுந்தன. கம்பத்துவாசிகளும் கடைவீட்டுவாசிகளும் மின்தூக்கி ஏறி வாழப் பழகினர். அவர்களோடு சென்ற பூனைக்கோ மண் இல்லை, சந்து இல்லை. பொது நடைவழியும் படிக்கட்டும் கீழ்த்தளமுமே எஞ்சின.

நெருங்கி வாழும் குடியிருப்பில் ஒருவர் வளர்க்கும் பூனையின் நாற்றம் மற்றவர்க்குத் துன்பமாகும். 1989இல் கழகத்தின் விதிகள் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பதைத் தடைசெய்தன. அனுமதிபெற்ற சிறு நாயினம் ஒன்றை வளர்க்கலாம்; பூனையை வளர்த்தல் ஆகாது. பூனையை வீட்டுக்குள் அடக்கி வைத்தல் அரிது, வெளியே திரிந்தால் முடி உதிர்க்கும், பொது இடங்களில் மலசலம் கழிக்கும், இரைச்சலிட்டு அமைதியைக் கெடுக்கும் என்பன கழகம் கூறிய காரணங்கள். அதே 1989இல்தான் லிட்டில் இந்தியா மரபுடைமைப் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பூனை வாழ்ந்த கடைவீடு காக்கப்பட்டது. கடைவீட்டை விட்டுப் பெயர்ந்த குடும்பத்தின் புதிய வீட்டில் பூனைக்குக் கதவு அடைக்கப்பட்டது. இஃது எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று, காலத்தின் முரண்.

முரண் அத்தோடு நிற்கவில்லை. 1991இல் சிங்கப்பூர்ச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், சிங்கப்புரா என்னும் சிறுபூனை இனத்தைக் குச்சிந்தா என்ற பெயரில் நாட்டின் சுற்றுலாச் சின்னமாக்கியது. பூனை, அன்பு என்னும் பொருள்தரும் இரு மலாய்ச் சொற்களின் இணைப்பே அப்பெயர். ஆற்றங்கரையில் பூனைக்குச் சிலை; அடுக்குமாடியில் பூனைக்குத் தடை.

தெருப் பூனைகளின் பெருக்கத்தைக் கருத்தடை வாயிலாகக் கட்டுப்படுத்தும் திட்டம் 1998இல் தொடங்கியது. மறு ஆண்டில் பூனை நலச் சங்கம் தோன்றியது. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது தெருப் பூனைகள் பெருமளவில் பிடித்துக் கொல்லப்பட்டன. கருத்தடைத் திட்டமும் அவ்வாண்டிலேயே நிறுத்தப்பட்டது. எனினும் தொண்டர்கள் சோர்ந்துவிடவில்லை. 2012இல் சோங் பாங் குடியிருப்பில், கருத்தடை செய்து பதிவுசெய்த பூனையை வீட்டில் வளர்க்க இடந்தரும் முன்னோடித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நீண்ட கலந்தாய்வுக்குப் பின், 2024 செப்டம்பர் 1ஆம் நாள் தடை நீங்கியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடொன்றில் 2 பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் பெறல் வேண்டும். பூனையின் உடலில் அடையாள நுண்சில்லு பொருத்தல் வேண்டும். அது வீட்டுக்கு வெளியே திரியாதவாறு காத்தல் வேண்டும். முன்னரே வளர்த்து வந்தோர் உரிமம் பெறுவதற்கு 2026 ஆகஸ்டு 31 வரை 2 ஆண்டு மாறுகாலமும் வகுக்கப்பட்டது.

35 ஆண்டுகள் நீடித்த தடைக்காலத்திலும் பூனைகள் அடைத்த கதவுகளுக்குப் பின்னே வாழ்ந்தே வந்தன என்பதை அனைவரும் அறிவர். மறைவில் வளர்ப்பவர்க்கு அண்டைவீட்டாரின் முறையீடே பேரச்சம். முறையீட்டுக்கு வழிவகுப்பது நாற்றம். ஆகவே, பெட்டியை விட்டு வெளியே சிறுநீர் கழிக்கத் தொடங்கும் பூனை, வீட்டைத் தூய்மை கெடுத்ததோடு, வீட்டாரின் மறைவையும் வெளிப்படுத்தியது. அந்நிலையில் பூனையைக் கீழ்த்தளத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் எண்ணம் எழுதல் எளிது. சட்டம் மாறிவிட்டது. அந்த எண்ணமும் மாறிற்றா என்பதே இன்று எழும் வினா.

முதுமையின் மொழி

பத்து வயதைக் கடந்த பூனையை முதுமை எய்தியதாகக் கால்நடை மருத்துவர் கொள்வர். 15 வயதுப் பூனை, மனிதரில் ஏறத்தாழ 75 வயது முதியவரை ஒக்கும். வீட்டுக்குள்ளேயே காக்கப்படும் பூனை நெடுநாள் வாழ்வதால், தெருவில் எவரும் காணாத முதுமை இன்று கூடத்தின் நடுவே காட்சியாகிறது. பல ஆண்டுகள் தவறாது பெட்டியைப் பயன்படுத்திய பூனை, திடீரெனக் குளியலறை வாயிலிலோ மெத்தையிலோ சிறுநீர் கழிக்கும்போது, பழிவாங்குகிறது, அடம்பிடிக்கிறது என வீட்டார் எண்ணுகின்றனர். பழிவாங்கும் நோக்கம் பூனைக்கு இல்லை. வாயில்லா உயிர் தன் நோவை உரைப்பதற்குக் கொண்ட மொழி அது.

அம்மொழியின் பொருள் பலவாறாகலாம். முதற்கண் சிறுநீரகத் தளர்ச்சி. முதிய பூனைகளுக்கு மிகுதியாக வரும் நோய்களுள் இஃது ஒன்று. நீரைச் செறிவாக்கும் ஆற்றல் குறைவதால், பூனை மிகுதியாக நீர் பருகி மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும். பாலைநிலத்து மரபின் பெருமையே முதுமையில் முதலில் தளர்கிறது. முன்பு ஒரு நாளுக்குப் போதியதாயிருந்த பெட்டி, அரை நாளிலேயே நனைந்துவிடும். நனைந்த பெட்டியைப் பூனை விரும்பாது. நீரிழிவும் தைராய்டுச் சுரப்பியின் மிகைச்செயலும் இவ்விளைவையே தரும்.

இரண்டாவது மூட்டு நோய். 2002இல் வெளியான ஆய்வொன்றில், 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்கதிர்ப் படங்களை நோக்கியபோது, 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வின் அடையாளங்கள் தென்பட்டன. பூனை நொண்டுவது அரிது. வலியை மறைப்பது அதன் இயல்பு. உயரமான விளிம்பைத் தாண்டிப் பெட்டிக்குள் இறங்குவதும், மணலின்மேல் குந்தி நிற்பதும் அதற்குத் துன்பமாகின்றன. பெட்டியில் ஏறும்போது வலித்தால், வலிக்குக் காரணம் பெட்டியே என அது கருதும். பெட்டியின் அருகிலேயே, ஆனால் பெட்டிக்கு வெளியே கழிக்கும் பூனை, பல வேளைகளில் முயன்றும் இயலாமற்போன பூனையாகும்.

மூன்றாவது சிறுநீர்ப்பை அழற்சியும் மலச்சிக்கலும். இவையும் பெட்டியை வலியோடு இணைத்துவிடும். நான்காவது மூளைத் தளர்ச்சி. மனிதருக்கு வரும் முதுமை மறதியைப் போன்றதொரு நிலை பூனைக்கும் உண்டு. பெட்டி இருக்கும் இடத்தை மறத்தல், இரவில் காரணமின்றிக் குரலெழுப்புதல், சுவரை நோக்கி நிற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். பார்வைக் குறைவும் இதனோடு சேர்ந்தால், இருளில் பெட்டியைத் தேடுவது இயலாததாகும்.

செய்யத்தக்கன

முதற்கடமை மருத்துவரை நாடல். சிறுநீரையும் குருதியையும் ஆய்ந்து, குருதி அழுத்தத்தை அளந்து, மூட்டுகளைத் தொட்டு நோக்கிய பின்னரே பழக்கத்தைப் பற்றிப் பேசுதல் தகும். பூனை எந்நாளில், எவ்விடத்தில், எவ்வளவு கழிக்கிறது எனக் குறித்துச் சென்றால் மருத்துவர்க்குப் பெருந்துணையாகும். குறிப்பாக, ஆண்பூனை மீண்டும் மீண்டும் முக்கியும் சிறுநீர் வெளிவராது இருப்பின், அஃது உயிருக்கு ஊறு விளைக்கும் அடைப்பாக இருக்கலாம். விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. மனிதர் உண்ணும் வலிநீக்கி மாத்திரைகளைப் பூனைக்குக் கொடுத்தல் கூடாது. பாரசிட்டமால் அதற்கு நஞ்சு.

அடுத்தது பெட்டியை முதுமைக்கு ஏற்ப அமைத்தல். ஒரு பக்கத்து விளிம்பு மிகத் தாழ்ந்திருத்தல் வேண்டும். நெகிழி அடுக்குப்பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை வாயிலாக வெட்டி, விளிம்பை மழுக்கியும் இதனைச் செய்துகொள்ளலாம். பெட்டியின் நீளம் பூனையின் உடல் நீளத்தினும் ஒன்றரை மடங்கு இருத்தல் நன்று. மணல் மென்மையாகவும் நறுமணம் ஊட்டப்படாததாகவும் இருக்கட்டும். மனிதர்க்கு இனிய மணம் பூனைக்கு இனியதன்று. மணலின் வகையை மாற்ற நேரின், பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுதல் வேண்டும்.

பெட்டிகளின் எண்ணிக்கை, பூனைகளின் எண்ணிக்கையினும் ஒன்று கூடுதலாக இருத்தல் வேண்டும் என்பது மருத்துவர் வழங்கும் பொதுவிதி. அடுக்குமாடி வீட்டில் இடம் குறைவு என்பது உண்மையே. இடமின்மையால் பலர் பெட்டியைச் சமையலறையின் பின்புறம் துணி துவைக்கும் இயந்திரத்தின் அருகிலோ, பொருள்கள் அடுக்கிய பாதுகாப்பறையினுள்ளோ வைப்பர். இயந்திரத்தின் ஒலி பூனையை அச்சுறுத்தும். பாதுகாப்பறையின் உயர்ந்த வாயிற்படி தளர்ந்த காலுக்கு மலையாகும். படுக்கும் இடத்திலிருந்து சில அடிகளில் எட்டக்கூடிய, அமைதியான மூலை ஒன்றே முதிய பூனைக்குத் தக்கது. உணவுத் தட்டின் அருகே மட்டும் வைத்தலாகாது. செல்லும் வழியில் தரை வழுக்காதிருக்கத் துணிவிரிப்பும், இரவில் சிறு விளக்கும் உதவும். நனைந்த பகுதியை நாளுக்கு இருமுறையேனும் அள்ளுதல் இன்றியமையாதது.

பூனை தவறிய இடத்தை நொதி கலந்த தூய்மைநீரால் கழுவுதல் வேண்டும். அம்மோனியா கலந்த நீர்மம் சிறுநீரின் நாற்றத்தை ஒத்திருத்தலால், அவ்விடத்துக்கே பூனையை மீண்டும் அழைக்கும். அடித்தலும், அதட்டலும், மூக்கை ஈரத்தில் அழுத்துதலும் பயனற்றவை. அச்சம் பூனையை மறைவிடத்திற்குத் துரத்துமேயன்றிப் பெட்டிக்குத் திருப்பாது. அது மீண்டும் மீண்டும் ஒரே இடத்தை நாடினால், பெட்டியையே அவ்விடத்துக்குக் கொண்டுசென்று வைப்பது அறிவுடைமை. எதுவும் பயனளிக்காத நிலையில், ஈரமுறிஞ்சும் விரிப்புகளைப் பரப்பிவிட்டு அமைதி கொள்ளலாம். வீட்டின் முதியவர்க்குச் செய்யும் பணிவிடையைச் செய்வோர்க்கு இது புதிதன்று.

சட்டமும் அருளும்

1989இன் விதியை முற்றிலும் குறைகூறுதல் முறையன்று. பல்லினத்தார் பல மாடிகளில் நெருங்கி வாழும் நாட்டில், அண்டைவீட்டாரின் மூக்குக்கும் உறக்கத்துக்கும் மதிப்பளித்தல் குடிமைப் பண்பே. பூனையின் கழிவு ஒரு சிக்கல் எனக் கண்ட அவ்விதி உண்மையைத்தான் கண்டது. அதற்குத் தீர்வாகத் தடையைத் தேர்ந்தது. 2024இன் சட்டம் பொறுப்பைத் தேர்ந்துள்ளது. உரிமமும் நுண்சில்லும் பூனைக்கு உரியவர் யாரெனக் காட்டும். பூனை முதிர்ந்து, பெட்டியை மறந்து, வீட்டைத் தூய்மை கெடுக்கும் நாளில் அவர் என்ன செய்வார் என்பதை எந்த உரிமமும் காட்டாது. புதிய சட்டத்தின் வெற்றி, குட்டியை வாங்கிவரும் நாளில் அளக்கப்படுவதன்று. அக்குட்டி 15 வயதைத் தாண்டித் தடுமாறும் நாளில் அளக்கப்படுவது.

தமிழர் சமய மரபில் மார்ச்சார நியாயம் என்றொரு கருத்து உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ எதனையும் பற்றாது கிடக்கும், தாயே அதனைக் கவ்விச் செல்லும். இறைவன் உயிர்களைக் காப்பது தாய்ப்பூனை குட்டியைக் காப்பதுபோல் என்பது தென்கலை வைணவர் கொள்கை. சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலைக் கடந்து செல்லும் மாணவர்க்கு, பற்றுவதற்கு ஆற்றலில்லாத உயிரையும் விடாது காப்பதே அருள் என இக்கருத்தை விளக்குதல் ஆசிரியர்க்கு எளிது.

குட்டியைக் கவ்விச் சென்ற பூனைதான் முதுமையில் தானும் எதனையும் பற்ற இயலாது கிடக்கிறது. தாழ்ந்த விளிம்புடைய பெட்டி ஒன்றும், துணிவிரிப்பு ஒன்றும், சினங்கொள்ளாத கை ஒன்றுமே அதற்கு வேண்டுவன. எலிகள் பெருகிய களஞ்சியத்தில் தொடங்கிய பழந்தோழமைக்கு அடுக்குமாடி வீடு செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.